ஆச்சி வீட்டு ஓட்டில் இருந்த 1865

(பேசியதன் எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டோம். மற்றபடி பேச்சை ரொம்பத் திருத்தவில்லை.)

போன வாரம் ஏன் எபிசோடு வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பெரிய காரணம் ஒண்ணுமில்லை. ஊர்ல வீடு பிரிச்சுக்கிட்டு இருந்தோம். பாஞ்சாலங்குறிச்சியில எங்க ஆச்சி வீடு. ஆச்சி போய் மூணு வருஷமாச்சு, வீடு பூட்டியே கிடந்தது. போன ஐப்பசி மழையில கைமரம் ஒண்ணு இத்து விழுந்துட்டு. அண்ணன் சொல்லிட்டாரு, "இனி இத நிப்பாட்ட முடியாது, பிரிச்சுட்டு காங்கிரீட் போட்டுருவோம்"னு. எனக்கு மனசில்லை. ஆனா மதுரையில உட்கார்ந்துக்கிட்டு "வேண்டாம்"னு சொல்றது எனக்கு லேசு. மழைக்கு ஒழுகுற வீட்டைப் பார்க்கிறது அவர்தானே.

அதே சமயத்துல நேயர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் ஜெர்மன்காரர்கள் குடியேறிய சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம் ஒரு பீர் ஆலை இருக்கும், நம்ம பக்கம் அப்படி ஜெர்மன்காரர்கள் வந்து ஆலை வைத்த ஊர் ஏதாவது உண்டா, அதைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். அந்தக் கேள்வியும் ஆச்சி வீட்டு ஓடும் ஒரே இடத்தில் வந்து முட்டின. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல பீர் விஷயத்தை முடிச்சிடலாம். ஜெர்மன்காரர் போன இடமெல்லாம் பீர் போனது உண்மை. பென்சில்வேனியாவில் பாட்ஸ்வில் என்று நிலக்கரி வெட்டுகிற ஒரு சின்ன ஊர். வூர்ட்டம்பர்க் பகுதியிலிருந்து போன டேவிட் யூங்லிங் 1829-ல் அங்கே ஒரு ஆலை ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் தீப்பிடித்து எரிந்துபோனது, மறுபடி கட்டினார். இன்றைக்கும் அதே குடும்பத்தின் கையில் ஓடுகிறது. சீனாவில் சிங்தாவ், ஜெர்மனியின் பிடியில் இருந்த துறைமுகம். அங்கே 1903-ல் ஜெர்மன்காரரும் ஆங்கிலேயரும் சேர்ந்து தொடங்கிய ஆலைதான் இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிற சிங்தாவ் பீர்.

இந்தியாவில்? பீர் ஆலைகள் இருந்தன. ஆனால் அவை வெள்ளைக்காரச் சிப்பாய்க்காக வெள்ளைக்காரன் வைத்தவை. 1855 வாக்கில் இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் எட்வர்ட் டயர் வைத்தது ஒன்று. ஜாலியன்வாலா பாக்கில் சுட உத்தரவிட்ட டயர் இருக்கிறாரே, அவருடைய அப்பா இவர். நீலகிரியிலும் பெங்களூரிலும் சில ஆலைகள் இருந்தன. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் தெற்கே இருந்த சில ஆலைகளைச் சேர்த்து உருவாக்கியதுதான் யுனைடெட் புரூவரீஸ். இதிலெல்லாம் ஜெர்மன் குடியேறிகள் கதை இல்லை.

அப்ப ஜெர்மன்காரர்கள் நம்ம பக்கம் வரவே இல்லையா? வந்தாங்க. வந்து, பீர் ஆலை வைக்கிறதுக்கு நேர் எதிரான ஒரு காரியத்தைப் பண்ணினாங்க. கள் இறக்கிக்கிட்டு இருந்த ஆளை மரத்தை விட்டு இறக்கி, ஓட்டுச் சூளையில கொண்டுபோய் நிறுத்தினாங்க.

வீடு பிரிக்கிற அன்னைக்கு நானும் போயிருந்தேன். கொத்தனார் அண்ணாச்சி மேல ஏறி முகட்டு ஓட்டை எடுத்து ஒவ்வொண்ணா கீழே கொடுக்க, கீழே ரெண்டு பேர் வாங்கி அடுக்கினாங்க. முக்கால்வாசி ஓட்டுல ஏதேதோ பேர், தேய்ஞ்சு போயிருந்தது. அண்ணாச்சி ஒரு ஓட்டைத் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இதுல வருஷம் போட்டிருக்கு பாருங்க, ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தஞ்சு"ன்னாரு. துடைச்சுப் பார்த்தா ஆங்கிலத்துல புடைப்பா எழுத்து: பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், 1865. அண்ணனுக்கு ஒரே ஆச்சரியம். "நூத்தி அறுபது வருஷத்து ஓடா நம்ம வீட்ல இருந்திருக்கு!"

ஓடு அவ்வளவு பழசு இல்லை. அது தொழிற்சாலை ஆரம்பித்த வருஷம். பிறகு வார்த்த ஓட்டிலும் அந்த எண்ணை அச்சில் விட்டுவைத்திருந்தார்கள். அதனால் ஓட்டைப் பார்த்து வீட்டுக்கு வயசு சொல்ல முடியாது. தூத்துக்குடியில் ஒரு பழைய கிட்டங்கியை இடித்தபோது தாத்தா மலிவாக வாங்கி, மாட்டுவண்டியில் நாலு நடையாக ஏற்றி வந்தார் என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதுக்கு முன்னாடி எங்க வீடு பனையோலைக் கூரைதான். ஓடு போட்ட அன்னைக்குத் தெருவுல எல்லாரும் வந்து பார்த்தாங்களாம். "சீமை ஓட்டு வீடு"ன்னுதான் ரொம்ப நாள் அந்த வீட்டுக்குப் பேரு.

நாட்டு ஓடு, சீமை ஓடு வித்தியாசம் நம்ம வயசுக்காரங்களுக்கே மறந்துபோச்சு. நாட்டு ஓடு வளைவாக, கையளவில் இருக்கும். குயவர் சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, பிளந்து சுடுவது. ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்க வேண்டும். குரங்கு ஓடினால், பூனை ஓடினால் கலைந்துவிடும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஓடு மாற்றணும். சீமை ஓடு பட்டை. ஓரத்தில் பள்ளமும் மேடும் இருக்கும், பக்கத்து ஓட்டின் மேடு இதன் பள்ளத்தில் உட்காரும். அடியில் ஒரு கொக்கி ரீப்பரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஓடு சுமார் இரண்டரை கிலோ. நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 140 ஓடு போதும். எடை குறைவு, அதனால் மரச்செலவும் குறைவு.

இதை நம்ம ஊரிலேயே செய்திருக்கலாமே என்றால், முடியாது. கரிசலில் தண்ணி பட்டால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். கோடையில் காட்டில் நடந்து பாருங்கள், மாட்டுக் கால் மாட்டுகிற அளவுக்கு வெடிப்பு. அந்த மண்ணைத் தனியாகப் பிசைந்து ஓடாக அடித்தால் காயும்போதே வெடித்துவிடும். எங்க ஊர் மண்ணு கோட்டைக்கு ஆகும், ஓட்டுக்கு ஆகாது. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரையும் ஆட்களும் அதே மண்ணைக் குழைத்துச் சில நாட்களில் கோட்டையை மறுபடி எழுப்பிவிட்டார்கள். அதை உடைக்கக் கும்பினிக்காரனுக்கு மே மாதம் வரை ஆனது. சரி, விஷயத்துக்கு வரேன்.

பாசல் என்பது சுவிட்சர்லாந்தில் ஜெர்மனி எல்லையை ஒட்டி, ரைன் நதிக்கரையில் இருக்கிற ஊர். பாசல் மிஷன் தொடங்கியது 1815-ல். இடம் சுவிஸ், பணத்தில் பெரும்பங்கு பாசல் வியாபாரக் குடும்பங்களுடையது. ஆனால் கப்பலேறி வந்த ஆட்களில் நிறைய பேர் தெற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க்காரர்கள். மேலே சொன்ன பீர்க்காரர் யூங்லிங் புறப்பட்ட அதே பகுதி! ஒரே சீமையிலிருந்து ஒருத்தர் பீர் காய்ச்சப் போகிறார், இன்னொருத்தர் குடியை ஒழிக்கப் போகிறார். இவர்கள் பக்தியில் ரொம்பக் கண்டிப்பான கூட்டம். பெரும்பாலும் விவசாயி, நெசவாளி, தச்சர் வீட்டுப் பிள்ளைகள். வேலை செய்யாமல் இருப்பதே பாவம் என்று வளர்ந்தவர்கள்.

கும்பினி ஆட்சியில் ஆங்கிலேயர் அல்லாத மிஷனரிகள் வந்து தங்குவதற்கு 1833-ல் சட்டப்படி வழி திறந்தது. அடுத்த வருஷமே, 1834 அக்டோபரில், ஹெபிக், லேனர், கிரைனர் என்று மூன்று பேர் கோழிக்கோட்டில் இறங்கி மங்களூர் போய்ச் சேர்ந்தார்கள். மேற்குக் கரை நெடுக அவர்களுடைய வேலை பரவியது.

நம்ம திருநெல்வேலிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பாளையங்கோட்டையில் ரேனியஸ் இருந்தார், பிரஷ்ய நாட்டு ஜெர்மன்காரர். 1820-லிருந்து 1838-ல் சாகும் வரை இங்கேதான். அவரிடம் தங்கித் தமிழ் படித்த ஒரு இளைஞர் ஹெர்மன் குண்டர்ட். அவரும் வூர்ட்டம்பர்க்காரர்தான். 1836-ல் இந்தியா வந்தவர், கொஞ்ச காலம் பாளையங்கோட்டையில் ரேனியஸோடு இருந்துவிட்டு, பிறகு பாசல் மிஷனில் சேர்ந்து தலச்சேரிக்குப் போய்விட்டார். 1872-ல் மலையாள அகராதி வெளியிட்டவர் அவர்தான். அவருடைய மகள் தலச்சேரியில் பிறந்தவர், அந்த மகளின் மகன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. 'சித்தார்த்தா' படிச்சவங்களுக்கு இந்தப் பேர் தெரியும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். மங்களூர்ப் பக்கம் மிஷனில் சேர்ந்தவர்களில் நிறைய பேர் பில்லவர்கள், மலபாரில் தீயர்கள். இரண்டு சமூகத்துக்கும் மரமேறிக் கள் இறக்குவது பழைய தொழில்களில் ஒன்று. மதம் மாறினால் என்ன ஆகும்? குடும்பம் ஒதுக்கிவிடும். குத்தகைக்கு நிலம் கொடுத்தவன் பிடுங்கிக்கொள்வான். சரி, இருக்கிற மரமேறுகிற வேலையையாவது பார்க்கலாம் என்றால், மிஷன்காரர் அது கிறிஸ்தவனுக்கு ஆகாத தொழில் என்கிறார். ஞானஸ்நானம் வாங்கின அன்னைக்கே ஆளுக்கு வீடும் போச்சு, வேலையும் போச்சு. மிஷன் வாசலில் வந்து உட்கார்ந்தால் கஞ்சி யார் ஊற்றுவது?

இதே பிரச்சினை நம்ம பக்கத்தில் வேற மாதிரி போச்சு. இங்கேயும் மிஷனில் சேர்ந்தவர்களில் பனையேறிகள் ஏராளம். ஆனால் இங்கே யாரும் மரத்தை விட்டு இறங்க வேண்டியிருக்கவில்லை. கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பனஞ்சாறு புளிக்காது, பதநீர். காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள். உடன்குடிக் கருப்பட்டிக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவில் இருந்தது ஒரு விரல் சுண்ணாம்பு, அவ்வளவுதான். அதனால் இங்கே பாதிரியார்களுக்குத் தலைவலி வேலை இல்லை, நிலம். பண்ணையார் நிலத்தில் குடியிருப்பவனை விரட்டினால் எங்கே போவான்? ரேனியஸ் 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, நிலம் வாங்கிக் குடியமர்த்தும் வழியைப் பிடித்தார். மேற்குக் கரையில் தென்னை, அங்கே கள்தான் பெரிய தொழில். மரத்தை விட்டால் மாற்று வேண்டும். இது என் கணிப்பு, ஆனா பனைக்கும் தென்னைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை வச்சுப் பார்த்தா, நமக்குப் புது ஊர்களும் அவங்களுக்குத் தொழிற்சாலைகளும் கிடைச்சது ஏன்னு ஓரளவு புரியுது.

மாற்றுத் தொழில் உடனே கிடைத்துவிடவில்லை. விவசாயம் பண்ணிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடிகாரம் ரிப்பேர் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஊருக்கு எத்தனை கடிகாரம் இருக்கும்? தச்சு வேலை கொஞ்சம் ஓடியது. 1841-ல் மங்களூரில் கல்லச்சுக்கூடம் வைத்தார்கள், அது நிலைத்தது. முதல் கன்னடப் பத்திரிகையான 'மங்களூர சமாச்சார' 1843-ல் மோக்ளிங் என்ற மிஷனரி நடத்தியதுதான். ஆனால் அச்சுக்கூடம் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடும்? அதற்கு எழுத்துத் தெரிந்த ஆள் வேண்டும்.

1851-ல் ஹாலர் என்ற நெசவுக்காரர் வந்தார். ஐரோப்பிய மாதிரித் தறிகள், சாயப்பட்டறை எல்லாம் வந்தன. நம்ம போலீஸ்காரர் போடுகிற காக்கி நிறச் சாயத்தை மங்களூரில் உண்டாக்கியவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். வடமேற்கில் லம்ஸ்டன் படையின் சீருடைதான் முதல் என்பாரும் உண்டு, அந்தச் சண்டைக்குள்ள நான் போகலை. நெசவு கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் போனது. கண்ணூர் இன்றைக்கும் கைத்தறி ஊராக இருப்பதில் அந்தத் தறிகளுக்குப் பங்குண்டு. 1859-ல் இந்தத் தொழில்களின் வியாபாரத்தைக் கவனிக்கப் பாசலில் தனியாக ஒரு வணிக நிறுவனமே தொடங்கினார்கள். பிரசங்கம் ஒரு கணக்கு, வியாபாரம் ஒரு கணக்கு.

அப்புறம் ஜார்ஜ் பிளெப்ஸ்ட். இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஆள் இவர்தான். அடிப்படையில் இயந்திரம் தெரிந்தவர், அச்சுக்கூட வேலைக்காக வந்தவர். மங்களூரில் ஒரு பக்கம் நேத்ராவதி, ஒரு பக்கம் குருபுரா ஆறு. இரண்டின் கரையிலும் நல்ல களிமண் இருப்பதைக் கவனித்தார். அங்கே மழை எப்படிப் பெய்யும் தெரியுமா? நமக்கு வருஷம் முழுக்கப் பெய்கிறதைவிட அங்கே ஒரு ஆனி மாதத்தில் கூடப் பெய்துவிடும். கூரைகள் எல்லாம் ஓலை, புல். வருஷா வருஷம் மாற்றணும், தீப்பிடித்தால் தெருவே போகும். நல்ல கூரை ஓட்டுக்கு அங்கே எப்போதும் தேவை இருந்தது.

ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பட்டை ஓட்டை 1841-ல் காப்புரிமை வாங்கியவர்கள் கிலார்டோனி சகோதரர்கள், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஆல்ட்கிர்ச் என்ற ஊர்க்காரர்கள். அது பாசலுக்குப் பக்கத்து ஊர்தான். அந்த வகை ஓட்டை நேத்ராவதி மண்ணில் அடிக்கலாம் என்று பிளெப்ஸ்ட் முடிவு செய்தார். 1865-ல் ஜெப்புவில் ஆற்றங்கரையில் தொழிற்சாலை. அந்த வருஷம்தான் எங்க ஆச்சி வீட்டு ஓட்டில் இருந்தது. ஆரம்பத்தில் மண் அரைக்க மாடு கட்டி ஓட்டினார்கள். நம்ம செக்கு மாதிரிதான். ஒரு நாளைக்குச் சில நூறு ஓடு. நீராவி எந்திரம் எல்லாம் பிறகு வந்தது.

செய்முறையைக் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா அதுல எத்தனை கை வேலை இருக்குன்னு தெரியணும். ஆற்றங்கரையில், வயல்களில் வெட்டின மண்ணைப் படகில் கொண்டுவந்து கொட்டி, சில காலம் வெயில் மழையில் ஆறப்போட வேண்டும். பிறகு கல், வேர் பொறுக்கி, தண்ணி விட்டு, எந்திரத்தில் அரைத்துப் பதமாக்குவார்கள். பலகை மாதிரி வெட்டின மண்ணுக்கு எண்ணெய் தடவி, இரண்டு இரும்பு அச்சுக்கு நடுவில் வைத்து, திருகு அழுத்தியில் ஒரு அழுத்து. பிதுங்கின ஓரத்தை வழித்து எடுத்து, அலமாரி மாதிரிச் சட்டங்களில் நிழலில் காய வைக்க வேண்டும். வெயில் பட்டால் கோணிக்கொள்ளும், கோணினால் பள்ளத்தில் மேடு உட்காராது, மழை உள்ளே வரும். காய்ந்த பிறகு சூளை. வேகாத ஓடு தண்ணியைக் குடித்துவிடும், அதிகம் வெந்தது முறுகிக் கோணும். கள் இறக்குகிறவன் தனி ஆள். தன் மரம், தன் கலயம், தன் நேரம். இங்கே நூறு பேர் வரிசையில் நிற்க வேண்டும், மணி அடித்தால் வர வேண்டும், மணி அடித்தால் போக வேண்டும்.

சந்தை பிடித்தது. மங்களூர் ஓட்டை அரசாங்கக் கட்டடங்களுக்குப் பரிந்துரைத்தார்கள். ஸ்டேஷன், கச்சேரி, பங்களா என்று எல்லாவற்றிலும் ஏறியது. முதல் பெரிய போட்டி உள்ளூர்க்காரர்களிடமிருந்தே வந்தது. மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் சொந்தமாக ஆலை வைத்தன. ஆல்புகெர்க் அண்ட் சன்ஸ் என்ற பேரை நீங்களும் பழைய ஓட்டில் பார்த்திருப்பீர்கள். மிஷனும் விடாமல் மங்களூரில் இரண்டு, மால்பே, கோழிக்கோடு, கோடக்கல், பாலக்காடு, பேப்பூர் ஆற்றோரம் ஃபெரோக் என்று 1914-க்குள் ஏழு ஆலை ஆக்கிவிட்டது. கப்பலில் வெளிநாட்டுக்கும் போனது.

நல்ல கதையா இருக்குல்ல? ஆனா எனக்கு இதுல ஒரு உறுத்தல் உண்டு.

சம்பளம் போடுகிறவரும் பாதிரியாரும் ஒரே இடத்து ஆட்கள். வேலைக்கு முன் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரவில்லை என்றால் திங்கட்கிழமை முகத்தைப் பார்க்கும்போது எப்படி இருந்திருக்கும்? நல்லதும் உண்டு, மறைக்கக் கூடாது. மற்ற ஆலைகள் தொழிலாளியைப் பற்றி யோசிக்காத காலத்திலேயே நோய்க்கால நிதி, சேமிப்பு, குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று இங்கே ஏற்பாடு இருந்தது. வெவ்வேறு சாதியிலிருந்து வந்தவர்கள் ஒரே கொட்டகையில் நின்று வேலை செய்தார்கள், பெண்களும் கூலி வாங்கினார்கள். பழைய ஒதுக்குதலிலிருந்து வெளியே வந்து தலைநிமிர அது உதவியது. ஆனால் வீடு, பள்ளிக்கூடம், கோயில், கூலி, கடைசியில் கல்லறைத் தோட்டம் வரை ஒரே கையில் இருந்தது. மிஷன்காரர்களுக்குள்ளேயே இது பற்றிச் சச்சரவு இருந்தது. சோற்றுக்காக மதம் மாறுகிறவர்களை உண்டாக்குகிறோமா என்று ஒரு பக்கம், நாம் ஊழியக்காரரா முதலாளியா என்று இன்னொரு பக்கம்.

அந்தக் கை ஒரு நாள் திடீரென்று இல்லாமல் போய்விட்டது. 1914 ஆகஸ்டில் யுத்தம். ஆங்கிலேய ஆட்சியில் ஜெர்மன்காரர் எல்லாரும் எதிரி நாட்டுப் பிரஜை. இத்தனை வருஷம் கலெக்டர் விருந்துக்குக் கூப்பிட்ட பாதிரியார்களைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். 1915-லும் 1916-லும் 'கோல்கொண்டா' என்ற கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அதில் இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகளும் இருந்தன. ஓட்டு ஆலை, தறிக்கூடம், கடை எல்லாம் அரசாங்கப் பொறுப்பில் போய், 1919-ல் லண்டனில் பதிவான காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. கேரளத்தில் அதைச் சுருக்கி 'காம்டிரஸ்ட்' என்பார்கள். ஓட்டில் பேர் மாறியது, அச்சு மாறவில்லை. சூளையில் நின்றவர்களும் மாறவில்லை.

நேயர் கேட்ட பீர் ஆலைகளுக்கும் அதே நேரத்தில்தான் அடி விழுந்தது. சிங்தாவை 1914-ல் ஜப்பான்காரன் பிடித்தான், 1916-ல் ஆலை ஒரு ஜப்பானியக் கம்பெனிக்குக் கைமாறியது. அமெரிக்காவில் யுத்த காலத்தில் ஜெர்மன் பேர் வைத்திருப்பதே ஆபத்து என்றானது. அது அடங்குவதற்குள் 1920-ல் மதுவிலக்கு வந்தது. யூங்லிங் குடும்பம் என்ன பண்ணுச்சு தெரியுமா? சாராயச் சத்து இல்லாத பீர் காய்ச்சினார்கள், எதிர்த்தாற்போல் ஐஸ்கிரீம் போடுகிற பால் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். 1933 வரை அப்படித்தான் காலம் ஓட்டினார்கள். மங்களூரில் கள்ளை விட்டு ஓட்டுக்கு வந்தான், பாட்ஸ்வில்லில் பீரை விட்டு ஐஸ்கிரீமுக்குப் போனான். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துட்டு.

காம்டிரஸ்ட் சுதந்திரத்துக்குப் பிறகும் ரொம்ப காலம் ஓடியது. காங்கிரீட் வந்தது, ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. களிமண் வெட்டக் கட்டுப்பாடு, விறகு விலை. ஓட்டு ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. கோழிக்கோட்டில் நடு ஊரில், மானாஞ்சிறைக் குளத்துக்கு எதிரே இருந்த நெசவு ஆலையை 2009-ல் மூடினார்கள். தொழிலாளிகள் விடாமல் வருஷக்கணக்கில் போராடினார்கள். கேரள அரசு அதை எடுத்துக்கொள்ளச் சட்டமே போட்டது. சில வருஷத்துக்கு முன்னால ஒரு கல்யாணத்துக்குக் கோழிக்கோடு போனப்போ அந்த வாசல்ல போய் நின்னேன். உள்ளே விடலை. மேலே கூரையைப் பார்த்தேன், எங்க ஆச்சி வீட்டு ஓடு மாதிரியே. அங்கங்கே ஓடு போய் வானம் தெரிஞ்சது.

அங்கே நின்னப்போ எனக்கு ஞாபகம் வந்தது கோவில்பட்டி. நம்ம கதையும் தூரத்துல இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923-ல் சிவகாசியில் ஆரம்பித்தார்கள். ஜெர்மனியிலிருந்து எந்திரம் வாங்கித்தான் தொடங்கினார்கள். அது கட்டுப்படியாகாமல் கைவேலைக்கு மாற்றினார்கள். கைவேலையானதால்தான் சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று வீடு வீடாகப் பரவியது. எங்க அத்தை கட்டை அடுக்கித்தான் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வச்சாங்க. மழை பொய்த்த வருஷமெல்லாம் கரிசல்காட்டுக்காரன் கஞ்சி குடிச்சது தீப்பெட்டியாலதான். அதில் சின்னப் பிள்ளைகளின் விரலும் தேய்ந்தது, அதையும் சொல்லணும். இப்ப பிளாஸ்டிக் லைட்டர் வந்து ஆலைகள் தள்ளாடுது. 2023-ல் இருபது ரூபாய்க்குக் கீழே உள்ள லைட்டர் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு தடை போட்டது. "தடை இருக்கு, ஆனா கடைக்குக் கடை தொங்குதே"ன்னு அத்தை கேக்காங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நாம மங்களூர்க்காரரைவிடக் கொஞ்சம் தப்பிச்சோம்னு எனக்குத் தோணும். இங்கே ஒரே கை இல்லை. ஒரு ஆலை மூடினால் அடுத்த ஆலைக்குப் போகலாம், அது படுத்தால் கடலைமிட்டாய்க்கு, அதுவும் இல்லையென்றால் திருப்பூருக்கு. யாரும் நமக்குப் பள்ளிக்கூடமும் நோய் நிதியும் தரவில்லை என்பதும் உண்மை. எது மேல்னு அத்தைகிட்ட கேட்டேன். "ரெண்டையும் ஒருத்தன் தந்தா என்னவாம்?"னாங்க. நான் பதில் சொல்லலை.

கள்ளுக் கதையும் முடிஞ்சபாடில்லை. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் இறக்கத் தடை. கேரளத்தில் ஷாப்பில் விற்கிறது. பாசல் மிஷன்காரர் ஆகாது என்ற தொழில் அங்கே நடக்கிறது, அவர்கள் கொடுத்த மாற்றுத் தொழில் பூட்டிக் கிடக்கிறது.

வீட்டுக்கு வரேன். மொத்தம் ஆயிரத்துக்கு மேல ஓடு இறங்கிச்சு. உடைஞ்சது போக மீதியைப் பழைய சாமான் வியாபாரி ஒருத்தர் வந்து பார்த்தார். பேர் தெளிவா இருக்கிற ஓட்டுக்கு மட்டும் கூட விலை தரேன்னாரு. சென்னையில ரிசார்ட், காபிக்கடை கட்டுறவங்க கேக்காங்களாம். அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்து, கம்பி செலவுல கொஞ்சம் ஆகும்னு கொடுத்துட்டாரு. நான் சண்டை போடலை. பாசல் பேர் இருந்த ஓடு எண்ணி முப்பத்தொண்ணு. அதுல பத்தை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். கொத்தனார் அண்ணாச்சி அதுல ஒண்ணைத் தட்டிக் காதுல வச்சுக் கேட்டுட்டு, "வெண்கலம் மாதிரி சத்தம் பாருங்க தம்பி, சூளைக்காரன் நல்ல வேலைக்காரன்"னாரு.

அந்தப் பத்தையும் இப்போதைக்குத் தொழுவத்துல, ஆட்டுக்குட்டி நனையாம இருக்க, ஒரு ஓரமா கோத்து வச்சிருக்கோம். போன வாரம் ஒரு கோடைமழை பெய்ஞ்சது. அண்ணன் போன் பண்ணி, ஒரு சொட்டு உள்ள வரலைன்னாரு.

உங்க வீட்டு ஓட்டுலயும் பேர் இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எந்த ஊர்னு சேர்ந்து தேடுவோம். அடுத்த வாரம் கழுகுமலைப் பக்கம் போறோம். வணக்கம்.